காயலான் கடைக்கும் கண்காட்சிக் கூடத்திற்கும் நடுவே

பழைய பொருள் ஒன்று எப்போது குப்பையாகிறது, எப்போது செல்வமாகிறது என்ற வினாவிற்கு விடை கூறுவது எளிதன்று. நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைக் காயலான் கடைக்காரர் தராசில் ஏற்றிக் கிலோக் கணக்கில் விலை சொல்கிறார். அதே வண்டியின் துருவை நீக்கி, வண்ணம் பூசி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து நகரத்துக் கண்காட்சி ஒன்றில் நிறுத்திவிட்டால், பொருள் படைத்தோர் போட்டியிட்டுக்கொண்டு வாங்க வருகின்றனர். இரும்பு மாறவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது. ஆனால் அந்தக் கண் மாறுவதற்குள் பெரும்பாலான வண்டிகள் உலைக்குப் போய்விடுகின்றன என்பதுதான் வருந்தத்தக்கது.

பழைய வாகனங்களைச் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு, நமக்கு அதில் என்ன வேலை என்று மாணவர்களாகிய நாம் ஒதுங்கிவிடுகிறோம். இந்த எண்ணம் தவறானது. ஒரு பொருளுக்கு மதிப்பே இல்லாத காலத்தில் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர் யாரோ, அவரே உண்மையான காப்பாளர். அவர் பெரும்பாலும் சிற்றூரில் வாழும் எளியவர். அல்லது சாலையோரப் பட்டறையில் கையில் கிரீசோடு நிற்கும் மெக்கானிக். அவருக்குத் துணை நிற்கும் ஏற்பாடு எதுவும் நம் நாட்டில் இல்லை. இதை விளக்க, ஜெர்மனியில் பிறந்து நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு வண்டிக் குடும்பத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

போருக்குப் பின் வந்த பச்சை யானை

1917-ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பீரங்கிக் குண்டுகளுக்கு வேண்டிய வெடிப்புக் கருவிகளைச் செய்வதற்காக ஒரு தொழிற்சாலை தோன்றியது. அதன் பெயர் ஸுண்டாப். போர் முடிந்ததும் குண்டுக் கருவிகளுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. 1921-இல் அத்தொழிற்சாலை மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில், பக்கவண்டியின் சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும்படி அமைந்த கே.எஸ். 750 என்னும் கனத்த வண்டியை ஜெர்மன் படைக்குச் செய்து கொடுத்தது. அந்தப் போரிலும் ஜெர்மனி தோற்றது. குண்டுவீச்சில் நகரங்கள் இடிந்து கிடந்த நாளில் அதே நிறுவனம் தையல் இயந்திரங்கள் செய்து பிழைத்தது.

அந்த இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் வெளிவந்ததுதான் கே.எஸ். 601. 597 சி.சி. கொள்ளளவு, இருபக்கமும் கை நீட்டியதுபோல் படுத்த நிலையில் இரண்டு சிலிண்டர்கள், பின் சக்கரத்திற்குச் செயினுக்குப் பதிலாகச் சுழல் தண்டு, 28 குதிரைத் திறன் என அமைந்த அந்த வண்டியின் பச்சை வண்ணத்தையும் பருத்த உடலையும் கண்டு மக்கள் அதற்குப் 'பச்சை யானை' என்று செல்லப் பெயர் வைத்தனர்.

யானை நெடுநாள் நடக்கவில்லை. மக்களிடம் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மழைக்கும் பனிக்கும் கூரையுள்ள சிறிய கார்களை நாடினர். 1950-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மோட்டார் சைக்கிள் தொழில் சரிந்தது. 1955-இல் உலகிலேயே மிகுதியாக இருசக்கர வண்டிகள் செய்த என்.எஸ்.யு. நிறுவனமும் அடுத்த பத்தாண்டில் அத்தொழிலை விட்டது. ஸுண்டாப் நியூரம்பர்க்கை விட்டு மியூனிக் நகருக்குச் சென்று, சிறிய இரு ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டும் செய்து 1984 வரை தாக்குப் பிடித்தது. அவ்வாண்டு நொடித்துப் போனபின் அதன் இயந்திரங்களையும் உரிமைகளையும் சீனாவின் தியான்ஜின் நகரத்து நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பச்சை யானை இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அருங்காட்சியகம் மட்டுமன்று. 1956-இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்னும் பத்திரிகையாளர், அவ்வண்டி வைத்திருந்தவர்களைக் கடுங்குளிர் காலத்தில் ஓரிடத்தில் கூடுமாறு அழைத்தார். 'யானைச் சந்திப்பு' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம், பின்னர் எல்லா வகை வண்டிகளுக்கும் உரியதாக வளர்ந்து, ஆண்டுதோறும் பனியில் கூடாரம் அடித்துத் தங்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. வண்டி செய்த நிறுவனம் மறைந்தும், வண்டியின் பெயர் மறையவில்லை. ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், ஆகவே பழுது பார்க்கிறவர்களும் இருந்தார்கள்.

இராணிப்பேட்டைக்கு வந்த ஜெர்மன் வடிவம்

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் தமிழ்நாட்டில் வேர் விட்டது என்பதை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்யத் தொடங்கிய வரலாறு பலரும் அறிந்ததே. 1970-இல் இங்கிலாந்தில் அந்தத் தொழில் அடியோடு நின்றது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. பிறந்த நாட்டில் மறைந்த வண்டி, 1977 முதல் நம் சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. தாய் மறைந்தாலும் சேய் வாழ்ந்தது எனலாம்.

அதே என்ஃபீல்டு நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ஸுண்டாப்பின் தொழில்நுட்ப உதவியோடு இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அமைத்து, 50 சி.சி. சிறு வண்டிகளைச் செய்தது. சில்வர் பிளஸ் என்பது கால் வைத்து ஏறிக் குறுக்கே இறங்கத்தக்க எளிய வண்டி. எக்ஸ்புளோரர் மூன்று கியர் கொண்ட குட்டி மோட்டார் சைக்கிள். பின்னர் ஸுண்டாப் கே.எஸ். 175 என்பதன் வழி வந்த ஃபியூரி வெளியாயிற்று. ஐந்து கியர், முன் சக்கரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக், உட்புறம் கடினமான குரோமியம் பூசிய, ஸ்லீவ் இல்லாத சிலிண்டர் ஆகியவை அதில் இருந்தன. இன்று சாதாரண வண்டிகளிலும் டிஸ்க் பிரேக்கைக் காண்கிறோம். ஆனால் அந்நாளில், டிரம் பிரேக்கும் நான்கு கியருமே வழக்கமாக இருந்த நம் சாலைகளில், இது எத்தகைய புதுமையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிகளுக்குப் புல்லட்டின் நல்லூழ் வாய்க்கவில்லை. ஜெர்மனியில் தாய் நிறுவனம் 1984-இல் போயிற்று. இங்கும் 1990-களில் இவற்றின் உற்பத்தி நின்றது. புல்லட்டிற்கு எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். ஃபியூரிக்குப் பிஸ்டன் வேண்டுமென்றால் அலைய வேண்டும். மேலும் புல்லட்டின் சிலிண்டர் தேய்ந்தால் அருகிலுள்ள லேத் பட்டறையில் போரிங் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டு ஓட்டலாம். குரோமியம் பூசிய சிலிண்டரை அவ்வாறு குடைய முடியாது. குடைந்தால் பூச்சு போய்விடும். மறுபடியும் பூச்சு ஏற்ற வேண்டும். அல்லது இரும்பு ஸ்லீவ் ஒன்றை உள்ளே இறக்க வேண்டும். இந்த நுணுக்கம் அறிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால், வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று நின்றாலும் அது வெறும் பொம்மைதான்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். நம் நாட்டில் சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிக் கட்டணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் தொலைந்தோ, முதல் உரிமையாளர் காலமாகியோ போயிருந்தால், அலைச்சலுக்கு அஞ்சியே பலர் வண்டியைக் கொட்டகையில் போட்டுவிடுகின்றனர். கொட்டகையிலிருந்து காயலான் கடைக்கு வழி மிகக் குறுகியது.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, பழைய வாகனங்களை முறைப்படி உடைத்தழிக்கும் கொள்கை. மற்றொன்று, பழம்பெரும் வாகனங்களைக் காப்பதற்கான தனி விதி. இவ்விதியின்படி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவில் உள்ள இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அவ்வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி போன்றவற்றிற்கு ஓட்டலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது.

காக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததே பாராட்டத்தக்கது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1988-இல் பதிவான வண்டி ஒன்று 2003-இல் 15 ஆண்டைக் கடக்கிறது. 2038-இல்தான் 50 ஆண்டைத் தொடுகிறது. இடையே 35 ஆண்டுகள்! அந்த 35 ஆண்டுகளும் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. வயது ஏற ஏறப் புதுப்பிக்கும் செலவு, உதிரிப் பாகத்திற்கு அலைச்சல், பக்கத்து வீட்டாரின் ஏளனம் ஆகிய அனைத்தையும் தாங்கி அதை வைத்திருப்பவருக்கு ஊக்கம் எதுவும் இல்லை. ஐம்பதாம் ஆண்டில் மாலை போட வருகிறார்கள்; அதற்குள் மாப்பிள்ளையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூல வடிவம் மாறக்கூடாது, சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. உதிரிப் பாகம் கிடைக்காத நாட்டில், வேறு வண்டியின் கார்புரேட்டரை இணைத்தோ, சிலிண்டருக்கு ஸ்லீவ் இறக்கியோ ஒரு மெக்கானிக் வண்டியைச் சாகாமல் காத்திருப்பார். நாளை அந்தப் பழுதே குற்றமாகுமோ என்ற ஐயம் எழுகிறது. உயிர் காத்த மருந்தையே நோய் என்று சொல்லலாமா?

கல்லங்குறிச்சி கற்பிக்கும் இரு பாடங்கள்

இந்த வினாக்களுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியே நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது.

முதற் பாடம் மண்ணுக்கு அடியில் உள்ளது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டும் நம் பகுதியின் சுரங்கங்களில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சான்றாகச் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. புவியியலார் அந்தப் பாறையடுக்கிற்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே சூட்டியுள்ளனர். உலகின் எந்த மூலையில் இருக்கும் புவியியல் மாணவரும் அக்காலத்துக் கடலைப் பற்றிப் படிக்கும்போது நம் ஊர்ப் பெயரைக் காண நேரிடும். கடைத்தெருவில் கிடக்கும் ஒரு கற்சிப்பி அழகுப் பொருள் மட்டுமே. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற குறிப்போடு வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் சிப்பி வரலாறு ஆகிறது. சிப்பி ஒன்றுதான், குறிப்புத்தான் அதற்கு மதிப்பைத் தருகிறது.

மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே பொருந்தும். எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பொருந்துகின்றனவா, முதலில் எந்த ஊரில் பதிவாயிற்று, யார் ஓட்டினார், பால் கேன் கட்டினாரா, பள்ளிக்கூடத்து ஆசிரியரா, எந்தப் பட்டறையில் என்ன மாற்றம் நடந்தது என்ற குறிப்புகள் அனைத்தும் வண்டியின் பாறையடுக்கு. இடைத்தரகர் ஒருவர் கிராமத்திலிருந்து வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பெருநகரத்தில் விற்கும்போது, வண்டி போகிறது; அதன் கதை இங்கேயே புதைந்துவிடுகிறது. வாங்கியவர் புத்தம் புதிதாகப் பளபளக்கச் செய்து, இதுதான் மூல வடிவம் என்கிறார். நாற்பது ஆண்டுத் தமிழ்நாட்டு வாழ்க்கை அந்த வண்ணப் பூச்சோடு சுரண்டி எறியப்பட்டுவிட்டது.

இரண்டாம் பாடம் மண்ணுக்கு மேலே ஓடுகிறது. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் இராமநவமித் திருவிழாவின்போது தேர் ஓடுகிறது. தேர் என்பது என்ன? நம் முன்னோர் செய்த மிகப் பழைய வாகனந்தானே! அதை எப்படிக் காத்தார்கள்? பூட்டி வைத்துக் காக்கவில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் வடம் பிடித்து இழுத்துக் காத்தார்கள். இழுப்பதற்கு முன் அச்சைப் பார்த்தாக வேண்டும், சக்கரத்தைப் பார்த்தாக வேண்டும், உளுத்த மரத்தை மாற்றியாக வேண்டும். ஆகவே தச்சருக்கும் கொல்லருக்கும் வேலை இருந்தது. அவர் மகனுக்கும் அந்த வித்தை தெரிந்தது. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970-இல்தான் மறுபடி ஓடியது. இரும்புச் சக்கரமும், திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் உதவியால் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு அமைந்தன. மூல வடிவம் மாறிவிட்டது, இது ஆழித்தேரே அன்று என்று எவரும் சொன்னதுண்டா? ஓடுவதற்காகச் செய்த மாற்றம் தேரின் பெருமையைக் குறைக்கவில்லை, காத்தது.

ஆக, குறிப்போடு காக்க வேண்டும்; ஓட்டிக் காக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சேகரிப்பு, பணத்தை இரும்பாக்கி வைப்பதே தவிர வேறில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இரு ஸ்ட்ரோக் வண்டி புகை கக்குகிறதே, அதைக் காப்பதா என்று கேட்பர். நியாயமான கேள்வியே. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் அவ்வகை எஞ்சின் காற்றைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. அன்றாடம் இலட்சக்கணக்கில் அவை ஓட வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. மாவட்டத்திற்குச் சில வண்டிகள், மாதத்தில் சில நாட்கள், சில கிலோமீட்டர் ஓடுவதால் வரும் புகை, நம் சாலையில் ஒரு நாள் செல்லும் சுண்ணாம்புக் கல் லாரிகளின் புகைக்கும் புழுதிக்கும் முன் எம்மாத்திரம்?

வெளிநாட்டு வடிவத்தைப் பார்த்துச் செய்த வண்டிக்கு என்ன பெருமை என்றும் கேட்பர். போருக்குப் பின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர்.டி. 125 என்னும் ஜெர்மன் வடிவத்தைப் பார்த்து இங்கிலாந்து செய்தது, அமெரிக்கா செய்தது, சோவியத் நாடு செய்தது. 1955-இல் யமஹா தன் முதல் வண்டியாகிய ஒய்.ஏ. 1-ஐ அதன் வழியிலேயே செய்தது. இன்று அதைத் தன் காட்சிக் கூடத்தில் பெருமையோடு நிறுத்தியிருக்கிறது. பார்த்துக் கற்பது இழிவன்று. கற்றதை மறப்பதே இழிவு. ஃபியூரியின் வடிவம் மியூனிக்கில் பிறந்திருக்கலாம். அதைச் செய்த கைகள் தமிழ்க் கைகள்.

சோற்றுக்கு வழியில்லாதவன் பழைய வண்டியைக் காப்பானா என்பது மூன்றாவது கேள்வி. இதுவே வலிமையானது. அவசரத்திற்கு வண்டியை விற்கும் ஏழையைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் கிலோ விலைக்கு விற்காமல், அதன் உண்மை மதிப்பை அறிந்து விற்கவேனும் நாம் உதவலாம் அல்லவா? யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைச் சில நூறு ரூபாய்க்கும் சில ஆயிரத்திற்கும் தள்ளிவிட்டவர்கள், இன்று அது விலை போகும் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். அறியாமையால் வந்த இழப்பு ஏழைக்குத்தான். இலாபம் பெற்றவர் வேறு யாரோ.

செய்யத்தக்கவை

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: 25 ஆண்டு கடந்த, உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு இடைநிலைப் பதிவு ஒன்றை ஏற்படுத்தலாம். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று வரம்பு வைக்கலாம், கட்டணத்தைக் குறைக்கலாம். ஓட வைப்பதற்காகச் செய்த பழுதையும், வடிவத்தையே மாற்றிய செயலையும் வேறுபடுத்திப் பார்க்கும் தெளிவு விதியில் வேண்டும்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியை வாங்கும்போது அதன் கதையையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய உரிமையாளரின் ஊரையும் பட்டறையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த ஊர்ச் சாலையில் அதை ஓட்டிக் காட்டுங்கள்.

நம் மாணவ நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. வரலாற்றுத் துறை மாணவர் கல்வெட்டைப் படியெடுக்கிறார். புவியியல் படிப்பவர் சிப்பியைக் குறித்து வைக்கிறார். அதுபோல நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, ஒவ்வொரு கிராமத்திலும் கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டிகளைக் கணக்கெடுக்கலாம். என்ன வண்டி, எந்த ஆண்டு, ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று நான்கு வரி எழுதினால் போதும். முதிய மெக்கானிக்குகளை நாடி, அந்தச் சிலிண்டரை எப்படிச் சரி செய்தீர்கள், இந்தக் கியருக்கு மாற்று எது என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி வைக்கலாம். படிப்பறிவு இல்லாதவர் என்று நாம் நினைக்கும் அவரிடம், எந்த நூலிலும் அச்சாகாத அறிவு இருக்கிறது. அவர் வாயிலிருந்து அது ஏட்டுக்கு வராவிட்டால், வண்டியோடு அதுவும் போய்விடும்.

ஜெர்மானியர் தம் பச்சை யானையைக் காத்தது செல்வச் செருக்கால் அன்று. அதை ஓட்டியவர்கள் ஆண்டுதோறும் பனியில் கூடியதால். நம்மிடமும் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், பழுது பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஆங்காங்கே கொட்டகைகளில் வண்டிகளும் இருக்கின்றன. இல்லாதது, இவர்களைக் கேட்டு எழுதி வைக்கும் அக்கறை ஒன்றுதான். 2038 வரும்வரை காத்திராமல், காயலான் கடைத் தராசு ஏறி இறங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கெடுப்பை இவ்வாண்டே தொடங்குவோமாக.